கேரேஜ் ராக் கேள்வி–பதில்: எந்த ரிக்கார்டு, எந்த விழா, எவ்வளவு சத்தம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேரேஜ் ராக் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

வாசகர், திருச்சி: கேரேஜ் ராக் என்று எதைச் சொல்கிறார்கள்? பங்க்கும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய உறவு. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும், ஊருக்கு ஊர் பள்ளிப் பையன்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். மூன்று கார்ட், இரண்டரை நிமிடம், கரகரக்கும் ஃபஸ் கிடார், ஃபார்ஃபிசா அல்லது வாக்ஸ் என்ற மின்னணு ஆர்கன், தொண்டை கிழியும் குரல். உள்ளூர் லேபிள், அதாவது ரிக்கார்டு கம்பெனி, சில நூறு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டு) அடித்துக் கொடுக்கும். உள்ளூர் ரேடியோ பிடித்துக்கொண்டால் அதிர்ஷ்டம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், டகோமா, போர்ட்லண்ட் பக்கம், பீட்டில்ஸ் வருவதற்கு முன்பே இந்தச் சத்தம் கிளம்பிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1967க்குப் பிறகு பாட்டுகள் நீண்டன, ஸ்டுடியோ வேலைப்பாடு கூடியது. பையன்கள் பலரைக் கல்லூரியும் வியட்நாம் போரும் கொண்டுபோயின. 1970களின் தொடக்கத்தில் விமர்சகர்கள் இந்தப் பழைய குழுக்களைத்தான் முதலில் 'பங்க்' என்று அழைத்தார்கள். நியூயார்க்கும் லண்டனும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகு.

வாசகி, கோவை: ஒரே ஒரு ஆல்பத்தோடு தொடங்க வேண்டுமென்றால் எது? 'நக்கெட்ஸ்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது ஒரு குழுவின் ஆல்பமே இல்லையே!

இல்லைதான். இந்த இசைக்கு அதுதான் பொருத்தமும்கூட. கேரேஜ் ராக் சிங்கிள்களில் வாழ்ந்த இசை. ஒரு சிங்கிள் ஓடிவிட்டால், சூடு ஆறுவதற்குள் கம்பெனி பையன்களை ஸ்டுடியோவில் தள்ளி ஒரு எல்.பி. எடுக்கும். அதில் இரண்டு நல்ல பாட்டும் பத்து அடுத்தவர் பாட்டும் இருக்கும். அதனால்தான் ரசிகர்களின் மனங்கவர்ந்த 'ஆல்பங்கள்' என்று பட்டியல் போட்டால் தொகுப்புகள் முன்னால் வந்து நிற்கின்றன.

'நக்கெட்ஸ்' 1972இல் எலெக்ட்ரா வெளியிட்ட இரட்டை எல்.பி. 27 பாட்டு. தொகுத்தவர் லென்னி கே, பின்னாளில் பங்க் பாடகி பட்டி ஸ்மித்தின் கிடார் கலைஞர். 1998இல் ரைனோ நிறுவனம் அதையே நான்கு சி.டி.யாக, 118 பாட்டாக விரித்தது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு சி.டி. பெட்டியில்தான் மாட்டிக்கொள்வார்கள். இரண்டாவது தட்டிலேயே காது களைத்து, எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிடும். முதல் 27 போதும். அவற்றை ஒரு மாதம் கேளுங்கள்.

அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். மெட்டும் கோரஸும் பிடித்திருந்தால், கிரெக் ஷா 1970களின் இறுதியில் தொடங்கிய 'பெபிள்ஸ்' வரிசை. அதன் உறையில் லேபிளின் முகவரி ஆஸ்திரேலியாவின் 'கூக்கபுரா' என்று இருக்கும். அது கிண்டலுக்குப் போட்ட பொய் முகவரி, தேடி அலைய வேண்டாம். மெட்டெல்லாம் வேண்டாம், வெறிதான் வேண்டும் என்றால், கிரிப்ட் ரெக்கார்ட்ஸ் டிம் வாரன் 1983 முதல் கொண்டுவந்த 'பேக் ஃப்ரம் தி கிரேவ்'. பூவும் புகையுமான சைக்கடெலிக் பாட்டுக்கும் தேன் தடவிய பாப்புக்கும் அதில் இடமில்லை. பாடியவர்கள் பெயரை அவர்கள் ஊரிலேயே மறந்திருப்பார்கள், அப்படிப்பட்ட சிங்கிள்கள். எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் 'நக்கெட்ஸ்' கேட்காமல் நேரே இங்கே வந்தால், எதை விட்டுவிட்டு இவர்கள் இப்படிக் கத்துகிறார்கள் என்பது பிடிபடாது.

வாசகர், ஈரோடு: தொகுப்பு சரி. முழு ஆல்பமாகத் தேறுபவை எவை?

முதலிடம் தகராறில்லாமல் டகோமாவின் சோனிக்ஸ் குழுவுக்கு. 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்', 1965, எட்டிகெட் ரெக்கார்ட்ஸ். அதிலும் பாதி அடுத்தவர் பாட்டுதான். ஆனால் ஜெரி ரோஸ்லி சொந்தமாக எழுதியவற்றைக் கேளுங்கள்: காதல், நடனம் எல்லாம் போய் சூனியக்காரி, பைத்தியம், விஷம் என்று வந்து நிற்கும். சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் இரண்டு டிராக் டேப்பில் பதிவு செய்தார். மொத்த டிரம்ஸுக்கும் ஒரே மைக். பாப் பென்னட் அடிக்கும் ஒவ்வொரு உருட்டலிலும் அந்த மைக் திணறி நொறுங்குவதைத் தெளிவாகக் கேட்கலாம். கிடார் கலைஞர் லாரி பரிபா ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை ஐஸ் குத்தும் ஊசியால் குத்திவைப்பார். கூம்பு கிழிந்த இடத்தில் படபடப்பதுதான் அந்தக் கரகரப்பு. 1966இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'பூம்'. ஸ்டுடியோ சுவரில் ஒலி அடக்க ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் அதைப் பதிவு செய்தோம் என்று குழுவினர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, மங்க்ஸ் குழுவின் 'பிளாக் மங்க் டைம்', 1966. ஜெர்மனியில் பணியாற்றிய ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள், ராணுவத்தைவிட்டு வெளியே வந்து, துறவிகள்போல் உச்சந்தலையை மழித்துக்கொண்டு வாசித்தார்கள். மெட்டை ஏறக்குறையக் கழற்றி எறிந்துவிட்டு, மின்சார பாஞ்சோவையும் தாள வாத்தியமாக்கிய ஆல்பம் இது. முதல் தடவை எரிச்சலாக இருக்கும். மூன்றாவது தடவை முடிவு செய்யுங்கள்.

டெக்சஸின் தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் 1966இல் வெளியிட்ட முதல் ஆல்பம் மூன்றாவது. பின்னணியில் புறா குமுறுவதுபோல் ஓயாமல் கேட்கும் ஒலி என்னவென்று பலர் கேட்பார்கள். டாமி ஹால் ஒரு ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் எழுப்பும் ஒலி அது.

அறுபதுகள் முடியும் தறுவாயில் டெட்ராய்ட்: எம்.சி.5 குழு 1968 அக்டோபர் கடைசி இரண்டு இரவுகளில் கிராண்ட் பால்ரூமில் நேரடியாகப் பதிவு செய்த 'கிக் அவுட் தி ஜாம்ஸ்', ஸ்டூஜஸின் 'ஃபன் ஹவுஸ்' (1970). தொண்ணூறுகளுக்கு கோரிஸ், மெம்ஃபிஸின் ஒப்லிவியன்ஸ். முன்னதில் பேஸ் கிடாரே கிடையாது. பின்னவர்களின் 'பாப்புலர் ஃபேவரிட்ஸ்' (1996) கட்டாயம். அதற்குப் பிறகு ஜே ரீடார்டின் 'ப்ளட் விஷன்ஸ்' (2006), டை செகால் பேண்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்' (2012). பில்லி சைல்டிஷ் பெயரை விட்டுவிட்டீர்களே என்று கடிதம் போடாதீர்கள். நூற்றுக்கு மேல் ஆல்பம் போட்ட மனிதரை ஒரு வரியில் அடக்க வழியில்லை. தீ ஹெட்கோட்ஸ் குழுவிலிருந்து தொடங்குங்கள்.

மாணவர், சென்னை: 2000களில் பெயர்பெற்ற ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஸ்ட்ரோக்ஸ் குழுக்கள் எல்லாம் கேரேஜ் ராக் கணக்கில் வருமா?

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் வரும். ஸ்ட்ரோக்ஸ் எங்கள் கணக்கில் வராது, பத்திரிகைக்காரர்கள் கணக்கில் வரும்.

வாசகர், மதுரை: 'லூயி லூயி' பாட்டை எஃப்.பி.ஐ. விசாரித்தது நிஜமா?

நிஜம். கிங்ஸ்மென் குழு 1963 ஏப்ரலில் போர்ட்லண்டில் சுமார் 50 டாலர் செலவில் பதிவு செய்தது. மைக்கை உயரத்தில் தொங்கவிட்டிருந்ததால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்தவேண்டியிருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாத இடத்தில் ஆபாசம் இருக்கிறது என்று பெற்றோர்கள் முடிவுகட்டிப் புகார் எழுத, எஃப்.பி.ஐ. தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று கோப்பை மூடியது. வேடிக்கை என்னவென்றால், ரிச்சர்ட் பெரி எழுதிய மூலப் பாட்டு, ஊரில் விட்டுவந்த பெண்ணை நினைத்துக் கப்பலேறும் ஆளின் சாதுவான புலம்பல். உண்மையான கெட்ட வார்த்தை வேறிடத்தில் இருக்கிறது. 54ஆவது வினாடி வாக்கில் பின்னணியில் டிரம்மர் லின் ஈஸ்டன் கத்துவது அதுதான் என்று ரசிகர்கள் சுட்டிக்காட்டுவார்கள். கிடார் தனி வாசிப்பு முடிந்ததும் ஈலி ஒரு சுற்று முன்னதாகவே பாட வாயெடுத்துச் சட்டென நிறுத்திக்கொள்வதும், அந்த ஓட்டையை டிரம்ஸ் ஓர் உருட்டலில் அடைப்பதும் பதிவிலேயே இருக்கின்றன. மறுபடி எடுக்கவில்லை. பின்னாளில் இதைப் பாடிய எத்தனையோ குழுக்கள் அந்தப் பிழையையும் சேர்த்தே வாசித்தன.

வாசகர், சேலம்: அறுபதுகளின் எல்.பி.களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்கிறேன். மோனோவா, ஸ்டீரியோவா? எதில் ஏமாறுவார்கள்?

1967 வரை வந்த கேரேஜ் ஆல்பம் என்றால் மோனோ. அன்றைக்கு நேரம் செலவிட்டு மிக்ஸ் செய்தது மோனோவைத்தான். உறையில் 'ஸ்டீரியோவுக்காக மின்னணு முறையில் மாற்றப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். மோனோ டேப்பையே எடுத்து, ஒரு பக்கம் பேஸையும் மறுபக்கம் டிரெபிளையும் தூக்கலாக வைத்து, நடுவில் கொஞ்சம் தாமதமோ எதிரொலியோ சேர்த்த போலி ஸ்டீரியோ அது. டிரம்ஸ் வழுக்கிக்கொண்டே போகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள், ஓரளவு தேறும். நல்ல மோனோ தட்டுக்கும் அந்தப் பொத்தான் உதவும். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமான அசைவையும் படித்து, அழுக்கையும் கீறலையும் இரைச்சலாக்கிச் சேர்த்துத் தருகிறது. இரண்டு சேனலையும் கூட்டினால் அந்த மேல்–கீழ் இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

அசல் எட்டிகெட் பிரதியைத் துரத்தாதீர்கள், விலை கட்டுப்படியாகாது. சோனிக்ஸை நார்ட்டன் ரெக்கார்ட்ஸ் மறுபதிப்பில் வாங்கினால் போதும். பழைய தட்டுதான் வேண்டுமென்றால், விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கண்ணால் பார்த்து மட்டும் தரம் போட்டாரா, ஓட்டிக் கேட்டாரா? தட்டின் நடுவிலுள்ள காகித லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பள்ளத்தில் கீறியிருக்கும் எண் என்ன? அந்த எண்தான் எந்த வார்ப்பு என்று காட்டிக்கொடுக்கும். உறையில் உள்ளதை யாரும் அச்சடித்துவிடலாம். அனுப்பும்போது தட்டை அட்டை உறைக்கு வெளியே எடுத்துத் தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கி, தட்டின் விளிம்பு உறையின் மேல் மடிப்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தபால் செலவு பல சமயம் தட்டு விலையை எட்டும், சுங்க வரி வேறு. ஒரே விற்பனையாளரிடம் நாலைந்தாகச் சேர்த்து வாங்குவதுதான் கட்டும். சித்திரை, வைகாசியில் தருவிக்காமல் இருப்பது உத்தமம். வெயிலில் நிற்கும் டெலிவரி வேனில் ஒரு மதியம் போதும், தட்டு வளைந்துவிடும்.

கிடார் வாசிக்கும் வாசகர், வேலூர்: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல் ஒன்றை நானே கட்டினேன். டிசம்பரில் அருமையாக இருந்தது. மே மாதக் கச்சேரியில் விட்டுவிட்டுத் தும்மியது. என்ன கோளாறு?

கோளாறு வேலூர் வெயில். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் வெப்பம் 10 டிகிரி ஏற ஏற ஏறக்குறைய இரட்டிக்கும். 25 டிகிரியில் சரிபார்த்த பெடலை 40 டிகிரி மேடையில் வைத்தால் கசிவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நீங்கள் கட்டியது இரண்டு டிரான்சிஸ்டரும் நேரடியாகக் கோத்திருக்கும் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெடல் வகையென்றால், அதில் முதலாவது நகர்ந்தால் இரண்டாவதும் நகரும். சுரம் நீளாமல் பாதியில் அறுந்து தும்முவதற்கு அதுதான் காரணம்.

சரிசெய்ய: இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்) வையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனை பெடலின் தரையில், சிவப்பு முனை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில். புதிய 9 வோல்ட் பேட்டரிக்கு 4.5 வோல்ட் பக்கம் வரும்வரை டிரிம்பாட்டைத் திருப்புங்கள். டிரான்சிஸ்டர் பி.என்.பி. வகையென்றால் (அதில் மின்முனைகள் தலைகீழ்) மைனஸ் 4.5 காட்டும், பயப்பட வேண்டாம். பற்றவைத்த சூட்டிலேயே அளக்காதீர்கள், பத்து நிமிடம் ஆற விடுங்கள். விரலால் டிரான்சிஸ்டரைத் தொட்டாலே மீட்டர் நகர்வதைப் பார்க்கலாம். அடுத்த முறை பற்றவைக்கும்போது டிரான்சிஸ்டர் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு வையுங்கள், சூடு உள்ளே ஏறாது. மேடையில் இருக்கும் வெப்பத்தில் கடைசியாக ஒரு முறை திருகிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் நிலையான ரெசிஸ்டருக்குப் பதில் டிரிம்பாட்.

டிரான்சிஸ்டர் தேர்ந்தெடுக்கும்போது முதலாவதற்கு 70–80, இரண்டாவதற்கு 110–130 பெருக்கம் இருந்தால் நல்லது. கசிவு அதிகமுள்ளதை மல்டிமீட்டர் அதிகப் பெருக்கம் என்று தவறாகக் காட்டும். அறுபதுகளின் அசல் ஃபஸ் இயந்திரமான மேஸ்ட்ரோ எஃப்.இசட்.1 (1962) மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டரோடு வெறும் 3 வோல்ட்டில் ஓடியது. அதன் ஈக்கூட்டச் சத்தத்தை ஃபஸ் ஃபேஸில் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னும் இரண்டு. கிடாரிலிருந்து வரும் கேபிள் நேராக ஃபஸ்ஸுக்குப் போகவேண்டும். பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) உள்ள டியூனரோ வயர்லெஸ்ஸோ முன்னால் இருந்தால் ஒலி கீச்சிடும், கிடார் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகாது. பி.என்.பி. பெடலுக்கு நேர்முனைதான் தரை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் சங்கிலியில் மாட்டினால் ஷார்ட் ஆகும். மலிவான கார்பன்–சிங்க் 9 வோல்ட் பேட்டரியே போதும், பலருக்கு அதன் ஒலிதான் பிடிக்கிறது. இவ்வளவு தொல்லை வேண்டாமென்றால் பி.சி.108 சிலிக்கான் போட்டுக் கட்டுங்கள். கொஞ்சம் கூராக ஒலிக்கும், ஆனால் மே மாதத்திலும் தும்மாது.

கல்லூரி இசைக்குழு, திருநெல்வேலி: மோசமாகப் பதிவு செய்தால் கேரேஜ் ராக் ஆகிவிடுமா?

ஆகாது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'எலிஃபன்ட்' லண்டன் டோ ராக் ஸ்டுடியோவில் எட்டு டிராக் டேப்பில், பழைய கருவிகளை மட்டும் வைத்துப் பதிவானது. லியாம் வாட்சன் மைக் வைத்த இடங்களில் ஒன்றுகூடத் தற்செயல் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசியுங்கள். டிரம்ஸுக்கு ஒரு டைனமிக் மைக், பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், ஸ்நேரைப் பார்த்து. சிம்பல் எல்லாவற்றையும் விழுங்கினால் மைக்கை மாற்றுமுன் டிரம்மரை மெதுவாகச் சிம்பல் அடிக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். குரலை ஒரு சிறிய கிடார் ஆம்ப் வழியாக விட்டு அந்த ஆம்ப்புக்கு மைக் வையுங்கள். கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு எரியும்படி ஏற்றிப் பதிவு செய்வதுதான் வழக்கமான தவறு. டேப்பும் வால்வும் திணறும்போது அலையின் உச்சி மழுங்கும், காது அதை ஏற்றுக்கொள்ளும். டிஜிட்டலில் உச்சி வெட்டுப்பட்டுச் சில்லென்று அறுக்கும். கரகரப்பைக் கம்ப்யூட்டருக்குள் நுழையுமுன், ஆம்ப்பிலோ பிரிஆம்ப்பிலோ, உண்டாக்கிவிட்டு, உள்ளே உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். பழைய நாலு டிராக் கேசட் கருவி கிடைத்தால் குரோம் கேசட் போட்டு, ஒவ்வொரு நாளும் ஹெட்டை ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, முள் சிவப்பில் நன்றாக நுழையும்படி ஏற்றுங்கள். அங்கே சிவப்பு நல்லது.

வாசகர், கிளாங், மலேசியா: ரசிகர்கள் கொண்டாடும் கேரேஜ் ராக் விழாக்கள் எவை? ஒன்றுக்குத்தான் போக முடியும்.

அப்படியென்றால் மெம்ஃபிஸ், கோனர்ஃபெஸ்ட். செப்டம்பர் மாதம், ஒரு நீண்ட வார இறுதி. ஒப்லிவியன்ஸ் குழுவின் எரிக் ஃப்ரீடல் 1993இல் ஜப்பானின் கிடார் வுல்ஃப் குழுவின் தட்டை வெளியிடுவதற்காகத் தொடங்கிய லேபிள்தான் கோனர். பிறகு கூப்பர்–யங் பகுதியில் கடையாக வளர்ந்து, 2005 முதல் விழாவும் நடத்துகிறது. ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ குழுக்கள் வரும். வாசிக்கிறவர் அடுத்த குழுவின்போது உங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் தட்டு வாங்கும் உத்தேசம் இருந்தால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருப்பது மற்றவர்கள் கழித்துப் போட்டதுதான். காலை வேளைகளுக்குப் பழைய ராக் அண்ட் ரோல் பதிவான சன் ஸ்டுடியோவும் சோல் இசை லேபிளான ஸ்டாக்ஸின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஊர்ப் பேருந்தை நம்பவேண்டாம். மிட்டவுன் பகுதியில் அறை எடுங்கள்.

கூட்டத்தோடு, பூங்காவில், வெயிலில் பார்க்க விரும்பினால் ஓக்லண்டின் மாஸ்வுட் மெல்ட்டவுன். முன்பு பர்கர் பூகலூ என்று அறியப்பட்டது, தொகுத்து வழங்குபவர் திரைப்பட இயக்குநர் ஜான் வாட்டர்ஸ். ஆஸ்டினின் லெவிட்டேஷன் 2008இல் ஆஸ்டின் சைக் ஃபெஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது. இன்றைய பெயர் எலிவேட்டர்ஸ் பாட்டொன்றிலிருந்து வந்தது. சைக்கடெலிக்தான் அங்கே தூக்கல். 2016இல் புயல் எச்சரிக்கையால் விழா தொடங்கும் தறுவாயில் மொத்தமாக ரத்தானது. திறந்தவெளி விழா எதுவானாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் போடுங்கள்.

ஐரோப்பாவில் ஸ்பெயினை அடிக்க ஆளில்லை. லியோன் நகரின் பர்ப்பிள் வீக்கெண்ட் டிசம்பர் முதல் வார விடுமுறையை ஒட்டி நடக்கிறது. அறுபதுகளின் பிரிட்டிஷ் 'மாட்' (mod) பாணியில் உடுத்துகிறவர்கள், ஸ்கூட்டர்கள், விடிய விடியச் சிங்கிள் போடும் டி.ஜே.க்கள். ஊர் 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் விடியற்காலை அரங்கைவிட்டு வெளியே வந்தால் குளிர் எலும்பில் ஏறும். ஸ்டைலுக்கு மெல்லிய கோட்டு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். விட்டோரியாவின் அஸ்கெனா விழா ஜூனில். பெரிய மேடை, பெரிய பெயர்கள். ஆனால் ஹார்டு ராக், கன்ட்ரி எல்லாம் கலந்திருக்கும், கேரேஜ் ஒரு பங்குதான்.

மறைந்த விழாக்களில் இரண்டைப் பற்றி ரசிகர்கள் இன்னமும் பேசுகிறார்கள். எஸ்ட்ரஸ் ரெக்கார்ட்ஸ் தொண்ணூறுகளில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காமில் நடத்திய கேரேஜ்ஷாக் ஒன்று. நியூயார்க்கின் கேவ்ஸ்டாம்ப் மற்றது. 1999இல் மங்க்ஸும் 2007இல் சோனிக்ஸும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மேடையேறியது அங்கேதான். பிரம்மாண்டத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் கிடார் கலைஞர் ஸ்டீவன் வான் ஸான்ட் 2004 ஆகஸ்ட் 14இல் நியூயார்க் ராண்டால்ஸ் தீவில் நடத்தியது. குழு மாறும் நேரத்தை மிச்சம்பிடிக்கச் சுழலும் மேடை போட்டு, காலையிலிருந்து இரவுவரை வரிசையாக ஏற்றினார். ஸ்டூஜஸ், ஸ்ட்ரோக்ஸ், போ டிட்லி எல்லோரும் ஒரே நாளில். பட்டியலைப் பார்த்தால் வாய் பிளக்கும். ஆனால் ஒரு பழைய குழு மூன்றே பாட்டு பாடிவிட்டு இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்ப்பதைவிட, முந்நூறு பேர் கொள்ளும் அறையில் முப்பத்தைந்து நிமிடம் கேட்பது இந்த இசைக்கு நல்லது என்பது எங்கள் கட்சி.

வாசகி, புதுச்சேரி: ஸ்பெயின் விழாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் போக எப்போது ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்?

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக. நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பாடு, அதனால் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் அதிக நாள் தங்கினால் ஸ்பெயின் விசாதான் கேட்கவேண்டும். பாரிஸில் ஐந்து நாள், லியோனில் மூன்று நாள் என்றால் பிரான்சிடம் போகவேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. நிகழ்ச்சிப் பட்டியல் வெளிவரும்வரை காத்திருந்தால் விசா நேரம் போய்விடும், இந்த விழாக்களுக்குப் பட்டியலைப் பார்க்காமலே டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்கா என்றால் இன்னும் முன்னதாக. நேர்காணலுக்குக் காத்திருக்கும் காலம் மாதக்கணக்கில் போகலாம். அங்கே பல கிளப்புகளில் 21 வயது நிபந்தனை உண்டு. நரைத்த தலையானாலும் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: சத்தத்தால் காது கெடாதா? பஞ்சு வைத்தால் போதுமா?

கெடும். பஞ்சு போதாது. தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தாழ்வான கூரைக்கடியில் வாசிக்கும் கேரேஜ் குழு இதை முதல் பாட்டிலேயே தாண்டும்.

ஃபோம் அடைப்பானைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் சும்மா காது வாசலில் செருகிக்கொள்கிறார்கள். அது பாதிகூட வேலை செய்யாது. விரல்களுக்கிடையில் மெல்லிய திரிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, முப்பது வினாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஃபோம், சிம்பலை அதிகமாகத் தின்றுவிடும். இசை கெடாமல் கேட்க, 15–20 டெசிபல் குறைக்கும் வடிகட்டி வைத்த சிலிகான் அடைப்பான் வாங்குங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றால் காதும் பிழைக்கும், பாட்டும் புரியும்.

வாசகர், பெங்களூரு: நம் நாட்டில் அன்று இப்படி ஏதாவது இருந்ததா?

இருந்தது. சிம்லா சிகரெட் பெயரில் நடந்த அகில இந்திய சிம்லா பீட் போட்டி. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், ஷில்லாங், மதராஸ் என்று பல ஊர்க் குழுக்கள் மோதின. அவற்றிலிருந்து 1970க்கும் 1971க்கும் ஒவ்வொரு எல்.பி. வந்தது. அமெரிக்காவில் ஃபஸ் கிடார் பழசாகிப்போன நேரத்தில் இங்கே அது முழு வேகத்தில் இருந்ததால், இரண்டிலும் கேரேஜும் சைக்கடெலிக்கும் கலந்து கிடைக்கும். அசல் பிரதிக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். இரண்டையும் சேர்த்து மறுபதிப்பு வந்திருக்கிறது, அதைத் தேடுங்கள்.

வாசகர், நாகர்கோவில்: அமெரிக்க 45 சுழற்சி சிங்கிள் வாங்கினேன். நடு ஓட்டை பெரிதாக இருக்கிறது, டர்ன்டேபிளில் நிற்க மாட்டேனென்கிறது.

அமெரிக்க சிங்கிளின் ஓட்டை 38 மி.மீ. அதற்கென்று நடுவில் வைக்கும் வட்ட அடாப்டர் கிடைக்கும். பிளாஸ்டிக்கைவிட அலுமினியம் நல்லது, கனத்தில் அசையாது. அட்டையில் வெட்டி ஒப்பேற்றாதீர்கள். அரை மில்லிமீட்டர் மையம் தப்பினாலும் ஆர்கன் ஒலி அலையாடுவது காதில் விழும். அடாப்டர் போட்டும் அலையாடினால் ஓட்டையே மையம் தவறிக் குத்தப்பட்டிருக்கலாம். அன்றைய சிறு லேபிள்களில் அது சகஜம். தட்டைச் சுழலவிட்டு, ஊசிக்கை இடம் வலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், அடாப்டரை எடுத்துவிட்டுத் தட்டை ஆட்டம் நிற்கும் இடம்வரை கையால் நகர்த்தி வைத்து ஓட்டலாம். ஓட்டை பெரிதாக இருப்பதில் அந்த ஒரு வசதி உண்டு.